ஸ்பெயினின் ஊர்த் திருவிழாக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயின் திருவிழா என்றதும் பலருக்கு இரண்டு காட்சிகள்தாம் நினைவுக்கு வரும்: தக்காளி எறிகிறார்கள், காளைக்கு முன்னால் ஓடுகிறார்கள். செய்தியில் அரை நிமிடம் வந்துபோகும் அந்தக் காட்சிகளுக்கு அப்பால், ஒரு தெருவோ ஒரு பேட்டையோ ஆண்டு முழுவதும் செய்கிற வேலை இருக்கிறது. இந்தப் பக்கம் அந்த வேலையைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது. பெயர்களை அந்தந்த ஊரார் உச்சரிப்பதற்கு நெருக்கமாக எழுதியிருக்கிறேன். ஸ்பானிய மொழியோடு கத்தலான், வலென்சிய, பாஸ்க் சொற்களும் வரும்.

ஸ்பெயினில் ஏன் இத்தனை திருவிழாக்கள்?

ஒவ்வோர் ஊருக்கும் ஒரு காவல் புனிதர் இருக்கிறார். அவருக்கு ஒரு நாள் இருக்கிறது. நாட்டில் 8,000க்கும் மேற்பட்ட நகராட்சிகளும் ஊராட்சிகளும் இருக்கும்போது விழாக்களுக்குப் பஞ்சம் ஏது?

இதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. ஸ்பெயினின் தொழிலாளர் சட்டப்படி ஆண்டுக்கு 14 பொது விடுமுறைகள். அவற்றில் 2 நாள்கள் அந்தந்த ஊரே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் உள்ளூர் விடுமுறைகள். அதனால் ஓர் ஊரில் கடைகள் எல்லாம் அடைத்திருக்க, அடுத்த ஊரில் வழக்கம்போல வியாபாரம் நடக்கும்.

சிற்றூர்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிராமங்களிலிருந்து பெருங்கூட்டம் மத்ரித், பார்சலோனா போன்ற நகரங்களுக்குப் பிழைக்கப் போனது. குளிர்காலத்தில் சில கிழவர்களும் பூட்டிய வீடுகளுமாகக் கிடக்கும் கிராமம் ஆகஸ்டில் நிறைந்து வழிகிறது. பேரப்பிள்ளைகள் தாத்தாவின் வீட்டுத் திண்ணையைத் தெரிந்துகொள்வதே அந்த வாரத்தில்தான். வெளியூர் போனவர்கள் வர வசதியாக, குளிர்காலத்தில் வரும் புனிதரின் நாளைக் கோடைக்கு மாற்றிக்கொண்ட கிராமங்கள்கூட உண்டு. புனிதர் காத்திருப்பார், பிள்ளைகளின் விடுமுறை காத்திருக்காது என்று அவர்கள் எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தமானது.

இவற்றை அரசாங்கமா நடத்துகிறது?

நகராட்சி உரிமம் தரும், காவலர்களை நிறுத்தும், கொஞ்சம் பணமும் தரும். விழாவைச் செய்பவர்கள் ஊரார். அவர்கள் சேர்ந்திருக்கும் அமைப்புக்கு இடத்துக்கு இடம் பெயர் வேறு: வலென்சியாவில் ஃபாயா குழு, செவீயாவில் எர்மாந்தாத், கத்தலோனியாவில் கோயா, அல்கோய் ஊரில் ஃபிலா, பம்ப்லோனாவில் பேன்யா, பில்பாவோவில் கொன்பார்ட்சா. பெயர் எதுவானாலும் உறுப்பினர் உண்டு, சந்தா உண்டு, தேர்தல் உண்டு, கணக்கு வழக்கு உண்டு, கோபித்துக்கொண்டு பிரிந்துபோய்ப் புதுக் குழு தொடங்குவதும் உண்டு.

நம் ஊர்களில் தலைக்கட்டு வரி போட்டுக் கோயில் விழா எடுப்பதை ஓரளவு இதோடு வைத்துப் பார்க்கலாம். வேறுபாடு என்னவென்றால், இங்கே குடும்பமாகவோ சாதியாகவோ அல்லாமல் தனி ஆளாகச் சேர்கிறார்கள். நேற்றுக் குடிவந்தவரும் சந்தா கட்டி உறுப்பினராகிவிடலாம். எந்த விழாவைப் பார்த்தாலும், “இதை எந்தக் குழு செய்கிறது, அவர்கள் எங்கே கூடுகிறார்கள்?” என்று கேளுங்கள். விழாவின் பாதிக் கதை அந்தப் பதிலிலேயே கிடைத்துவிடும்.

வலென்சியாவில் மாதக் கணக்காகச் செய்த சிலைகளை ஏன் எரித்துவிடுகிறார்கள்?

இந்த விழாவின் பெயர் ஃபாயாஸ். மார்ச் 15 முதல் 19 வரை வலென்சியா நகரத்தின் தெருமுனைகளில் பிரமாண்டமான சிற்பங்கள் நிற்கும். சில 20 மீட்டரையும் தாண்டும். மார்ச் 19, புனித சூசையப்பரின் நாள். அன்றிரவு எல்லாவற்றுக்கும் தீ வைத்துவிடுவார்கள்.

தொடக்கத்தைப் பற்றி ஊரார் சொல்லும் கதை தச்சுப் பட்டறையில் ஆரம்பிக்கிறது. குளிர்காலத்தில் சீக்கிரமே இருட்டிவிடுவதால் தச்சர்கள் ‘பரோட்’ என்ற மரத்தாங்கியில் விளக்கு மாட்டி வேலை செய்தார்கள். வசந்தம் வந்து பகல் நீண்டதும் தாங்கி தேவைப்படவில்லை. தங்கள் தொழிலுக்குக் காவலரான சூசையப்பரின் விழாவையொட்டி அதை வெளியே போட்டு, மரத்தூளோடும் கழிவுக் கட்டைகளோடும் சேர்த்துக் கொளுத்தினார்கள். யாரோ அந்தத் தாங்கிக்குச் சட்டை மாட்டித் தொப்பி வைத்தார்கள். அது அக்கம்பக்கத்தில் எல்லோரும் அறிந்த ஓர் ஆளின் சாயலைப் பெற்றது. கதை முழுக்க உண்மையோ இல்லையோ, 18ஆம் நூற்றாண்டிலேயே தெருவில் கேலிப் பொம்மைகளை வைத்து எரிக்கும் வழக்கம் இருந்தது.

அந்தக் கேலி இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு சிற்பத்திலும் பல பொம்மைகள். ஒரு பொம்மைக்கு ‘நினோட்’ என்று பெயர். பிரதமர், மேயர், கால்பந்துக்காரர், உலகத் தலைவர்கள் என யாரும் தப்ப மாட்டார்கள். அருகே வலென்சிய மொழியில் குறும்புச் செய்யுள் எழுதிய பலகைகள் இருக்கும். சிற்பத்தைப் படம் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள், உள்ளூர்க்காரர்கள் அந்தப் பலகைகளுக்கு முன்னால் நின்று சத்தமாக வாசித்துச் சிரிப்பதைத் தவறவிடுகிறார்கள்.

இவற்றைச் செய்ய ஃபாயா கலைஞர்கள் என்று தனித் தொழில்முறையாளர்களே இருக்கிறார்கள். மரச்சட்டம், அதன்மேல் முன்பு காகிதக்கூழ் அட்டை, இப்போது பெரும்பாலும் தெர்மாகோல். தெர்மாகோல் எரியும்போது எழும் கரும்புகை ஊருக்குள்ளேயே நீண்டகாலமாக நடக்கும் விவாதம். மரத்துக்கும் வைக்கோலுக்கும் திரும்பும் கலைஞர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பக்கமே நியாயம் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு பொம்மைக்கு மன்னிப்பு உண்டு. எரிப்பதற்கு முன் குழுக்கள் தத்தம் சிறந்த நினோட்டைக் கண்காட்சியில் வைக்கும்; மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது தீயிலிருந்து தப்பி அருங்காட்சியகத்துக்குப் போகும். 1934 முதல் இருக்கும் வழக்கம் இது. அங்கே சென்றால் ஒவ்வோர் ஆண்டும் ஊர் எந்த முகத்தைக் காப்பாற்ற விரும்பியது என்று பார்த்துக்கொண்டே நடக்கலாம். அரசியல் கேலிகளைவிட, பேரனுக்குக் கதை சொல்லும் கிழவர், பாட்டியின் மடியில் குழந்தை போன்ற பொம்மைகளே அதிகம் பிழைத்திருக்கின்றன.

ஏன் எரிக்கிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். மார்ச் 19 இரவு, தீயணைப்பு வீரர்கள் பக்கத்துக் கட்டடங்களை நீரால் நனைத்துக்கொண்டிருக்க, பட்டாசுச் சரத்தில் ஓடிவரும் நெருப்பு சிற்பத்தைப் பற்றிக்கொள்ளும். அந்த ஆண்டு குழுவின் முகமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்ணான ‘நாயகி’ அழுதுகொண்டிருப்பாள். ஓராண்டாகப் பணம் திரட்டிய தலைவரும் கண் கலங்குவார். மறுநாள் காலை தெரு பெருக்கிக் கழுவியாகிவிடும், மக்கள் வேலைக்குப் போவார்கள். அடுத்த சில வாரங்களில் குழு கூடி அடுத்த ஆண்டுக்கான தலைவரைத் தேர்ந்தெடுக்கும். சிற்பத்தைப் பத்திரப்படுத்தியிருந்தால் அந்தக் கூட்டத்துக்கு வேலையே இருந்திருக்காது. எரிப்பதால்தான் மீண்டும் கூடுகிறார்கள் என்பதே நான் கண்டுகொண்ட விடை.

அந்தக் குழுக்கள் ஆண்டு முழுவதும் என்ன செய்கின்றன?

வலென்சியா நகரத்தில் மட்டும் ஏறத்தாழ 400 குழுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பெரியவர்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று என இரண்டு சிற்பங்களை நிறுத்துகிறது. குழுவின் கூடுமிடத்துக்குக் ‘காசால்’ என்று பெயர். பெரும்பாலும் ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கும் எளிய கூடம். நீண்ட மேசைகள், ஒரு சமையலறை, சுவரில் பழைய நாயகிகளின் புகைப்படங்கள்.

இங்கே வார இறுதிகளில் சேர்ந்து உண்பார்கள். சீட்டாட்டப் போட்டி, நாடகப் போட்டி, தெருவில் விறகு மூட்டிப் பாயேயா என்ற அரிசி உணவைச் சமைக்கும் போட்டி எல்லாம் நடக்கும். கிறிஸ்துமஸ் லாட்டரிச் சீட்டைச் சிறிது கூடுதல் விலைக்கு விற்று நிதி திரட்டுவார்கள். பிறந்த சில மாதங்களில் குழந்தையை உறுப்பினராகச் சேர்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன. குழந்தைகளுக்கென்று தனித் தலைவர், தனி நாயகி. பத்து வயதில் மேடையேறி நாலு வார்த்தை பேசப் பழகுவதும், கூட்டத்தில் மாற்றுக் கருத்தைச் சொல்லப் பழகுவதும் இங்கேதான்.

மார்ச் 17, 18 ஆகிய இரு நாள்களில் எல்லாக் குழுக்களும் பாரம்பரியப் பட்டுடையில், வாத்தியங்கள் முழங்க, கன்னி மரியாளின் சதுக்கத்துக்கு ஊர்வலமாகப் போகும். ஆதரவற்றோரின் அன்னை என்று பெயர் கொண்ட மரியாளே அந்நகரின் காவலர். பெண்கள் கொண்டுவரும் பூங்கொத்துகளை ஆள்கள் மரச்சட்டத்தில் ஏறி நின்று ஒவ்வொன்றாகச் செருக, அன்னையின் பேருருவத்துக்குப் பூவாலேயே மேலாடை உருவாகும். கோயிலுக்கே போகாதவர்களும் அந்தச் சதுக்கத்துக்குள் நுழையும்போது அழுதுவிடுகிறார்கள். இறந்துபோன தாயை, பாட்டியை நினைத்துக்கொள்வதாகப் பலர் சொல்வார்கள்.

அங்கே பகலில் ஏன் வெடி வெடிக்கிறார்கள்? பகலில் வாணவேடிக்கை தெரியாதே?

தெரிய வேண்டியதில்லை, கேட்க வேண்டும். மார்ச் 1 முதல் 19 வரை நாள்தோறும் பிற்பகல் 2 மணிக்கு நகராட்சிச் சதுக்கத்தில் நடக்கும் இந்த வெடிக்கோவைக்கு ‘மஸ்க்ளேதா’ என்று பெயர். மாடத்திலிருந்து நகரத்தின் நாயகி, “வெடிக் கலைஞரே, தொடங்கலாம்” என்று உத்தரவு கொடுப்பார். சில நிமிடங்களே நீடிக்கும். மெல்லத் தொடங்கிக் காலம் கூடிக்கூடி, கடைசியில் தரை அதிர உச்சத்தில் முடியும். மேளக்கச்சேரியில் தனியாவர்த்தனம் கேட்டவர்களுக்கு இந்தக் கட்டுமானம் உடனே பிடிபடும். காதை இறுகப் பொத்திக்கொள்ளாமல் வாயைச் சற்றுத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள் உள்ளூர்க்காரர்கள். அழுத்தம் செவிப்பறையில் இறங்காது.

விழா நின்றுபோனால் என்ன ஆகும்?

2020 மார்ச்சில் அது நடந்தது. கொரோனா காரணமாக, சிற்பங்கள் தெருவுக்கு வரத் தொடங்கியிருந்த நேரத்தில் ஃபாயாஸ் ஒத்திவைக்கப்பட்டது. நகராட்சிச் சதுக்கத்தில் தியானத்தில் அமர்ந்த ஒரு பெண்ணின் மாபெரும் சிற்பம் பாதியில் நின்றிருந்தது. அதற்கு முகக்கவசம் மாட்டினார்கள். 2021 செப்டம்பரில்தான் விழா மீண்டும் நடந்தது. மார்ச்சில் நடக்க வேண்டியது இலையுதிர் காலத்தின் வாயிலில் நடந்தபோதும் மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

அதைவிடப் பெரிய சோதனை 2024 அக்டோபர் 29 அன்று வந்தது. வலென்சியா மாகாணத்தில் சில மணி நேரத்தில் கொட்டிய மழையால் பெருவெள்ளம் ஏற்பட்டு இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த நாள்களில் நகரத்தின் பல காசால்கள் உணவும் தண்ணீரும் துணியும் துடைப்பமும் சேகரிக்கும் இடங்களாகிவிட்டன. அவற்றில் சமையலறை இருந்தது, நீண்ட மேசைகள் இருந்தன. யார் யாரிடம் வண்டி இருக்கிறது, யாரால் நூறு பேருக்குச் சமைக்க முடியும் என்பதும் உறுப்பினர்களுக்குத் தெரிந்திருந்தது. சேர்ந்து பாயேயா சமைத்துப் பழகியவர்களுக்கு இதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை.

கத்தலோனியாவின் மனிதக் கோபுரம் சாகசமா, விழாவா?

இரண்டும்தான். ‘காஸ்தெல்’ என்றால் கோட்டை. ஆள் தோள்மேல் ஆள் ஏறி ஆறு, ஏழு, எட்டு அடுக்குகள் எழுப்புவார்கள். தாரகோனா அருகிலுள்ள வால்ஸ் ஊரே இதன் பிறப்பிடம். 2010இல் யுனெஸ்கோ இதை மானுடத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது. ஃபாயாஸுக்கு அந்த ஏற்பு 2016இல் வந்தது.

படங்களில் உச்சியில் நிற்கும் குழந்தைதான் கண்ணில் படும். ஆனால் காஸ்தெல்லின் உயிர் கீழே இருக்கும் ‘பின்யா’வில் இருக்கிறது. பின்யா என்றால் பைன்மரக் காய். அடியில் நிற்பவர்களைச் சுற்றிச் சில நூறு பேர் வளையம் வளையமாக நெருக்கி நின்று, முன்னால் இருப்பவரின் முதுகில் மார்பை அழுத்திக் கைகளை உள்நோக்கி நீட்டியிருப்பார்கள். எடையைத் தாங்குவதும், கோபுரம் சரிந்தால் மேலிருந்து விழுபவர்களுக்கு மெத்தையாவதும் அவர்கள்தாம். தலையைக் குனிந்தே நிற்க வேண்டும். மேலே பார்க்கக் கூடாது, பார்த்தால் கழுத்துக்கு ஆபத்து. அப்படியானால் கோபுரம் எந்த நிலையில் இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ‘கிராயா’ என்ற நாகசுரம் போன்ற சிறு குழல் சொல்லும். எந்த அடுக்கு ஏறுகிறது, குழந்தை எப்போது உச்சியைத் தொட்டது என்பதற்கேற்ப இசை மாறும். தாங்கள் தாங்கிநிற்கும் அழகைக் கண்ணால் காணாமல் காதால் மட்டும் அறியும் அந்த நூற்றுக்கணக்கானோரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

இடுப்பில் நீண்ட கருப்புத் துணி சுற்றியிருப்பார்கள். முதுகுக்கு அணை, ஏறுபவருக்குப் படி. ஒருவர் துணியின் ஒரு முனையை இழுத்துப் பிடிக்க, மற்றவர் சுழன்று சுழன்று அதற்குள் வருவார். இறுக்கமாகக் கட்ட இன்னொருவர் வேண்டும்.

உச்சிக்கு ஏறும் குழந்தைக்கு ‘என்ஷனேதா’ என்று பெயர். உச்சியில் கையை உயர்த்திக் காட்டியதும் கோபுரம் ‘ஏற்றப்பட்டது’. ஆனால் முழு வெற்றி அதுவன்று. அடுக்கடுக்காக இறங்கி, கடைசி ஆள் தரையைத் தொட்ட பிறகே ‘இறக்கப்பட்டது’ என்று கணக்கில் எழுதுவார்கள். ஏறும்போது சரியும் கோபுரங்களோடு, குழந்தை கையை உயர்த்திய பின் இறங்கும்போது சரிபவையும் உண்டு.

முன்பு இது ஆண்களுக்கு மட்டுமான கலையாக இருந்தது. 1980களில் பெண்கள் பரவலாகச் சேர்ந்தார்கள். கோபுரங்கள் உயரத் தொடங்கின. எடை குறைந்தவர்கள் மேலடுக்குகளுக்கு வந்தார்கள், பின்யா பெருத்தது. 1981இல் வால்ஸ் ஊர்க் குழு ஒன்று ஒன்பது அடுக்கை நிறைவேற்றியது. 1998இல் தெர்ராஸா ஊரின் மின்யோன்ஸ் குழு பத்து அடுக்கை ஏற்றி இறக்கியது.

குழந்தைகளை ஏற்றுவது சரியா?

நியாயமான கேள்வி. வாரத்துக்கு இரண்டு முறை, வலை கட்டிய பயிற்சிக்கூடத்தில் பல மாதங்கள் பழகிய பிறகே குழந்தை சதுக்கத்தில் ஏறும். பெற்றோர் பெரும்பாலும் அதே குழுவில், கீழே பின்யாவில் நிற்பார்கள். ஆயினும் விபத்து நடந்திருக்கிறது. 2006இல் ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். அதன் பிறகு மேலடுக்குக் குழந்தைகளுக்குத் தலைக்கவசம் பொது வழக்கமாயிற்று. மரபான தோற்றம் கெடுகிறது என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். தோற்றம் கெடட்டும். அந்தத் தலைக்கவசம் இருபது ஆண்டு முன்னதாகவே வந்திருக்க வேண்டும்.

செவீயாவில் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் கூம்புத் தொப்பியால் முகத்தை மூடியிருப்பவர்கள் யார்?

பாவப் பரிகாரம் செய்வோர், ‘நசரேனோ’ என்பார்கள். இதே போன்ற தொப்பி அணியும் அமெரிக்க நிறவெறிக் கும்பலான கூ கிளக்ஸ் கிளானோடு இவர்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. இந்த உடை அக்கும்பலைவிடப் பல நூறு ஆண்டுகள் மூத்தது. முகத்தை மூடுவதற்குக் காரணம், பரிகாரம் செய்பவர் யார் என்று கடவுளுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்பதுதான். மருத்துவரும் மீன் விற்பவரும் ஒரே அங்கியில் மெழுகுவத்தி ஏந்தி நடப்பார்கள்.

அவர்களுக்கு நடுவே, ஒரு டன்னுக்கும் மேல் எடையுள்ள திருவுருவ மேடைகள் நகரும். சக்கரம் கிடையாது. திரைக்குள்ளே ‘கோஸ்தலேரோ’ என்ற சுமப்போர் கழுத்தின் அடியில் எடையை ஏந்தி, எதையும் பார்க்க முடியாமல், வெளியே நடக்கும் தலைவரின் குரலைக் கேட்டு அடியெடுத்து வைப்பார்கள். ஒரு காலத்தில் இது கூலிக்குச் சுமந்த துறைமுகத் தொழிலாளர்களின் வேலை. 1973இல் ‘மாணவர்கள்’ என்று அழைக்கப்படும் சபை (எர்மாந்தாத்) தன் உறுப்பினர்களையே கீழே நிறுத்தியது. சில ஆண்டுகளில் மற்றச் சபைகளும் பின்பற்றின. கூலிச் சுமை பெருமைக்குரிய இடமாகிவிட்டது. இன்று அந்த இடத்துக்குப் போட்டி இருக்கிறது.

இச்சபைகள் அறுபதுக்கும் மேற்பட்டவை. ஊர்வலம் ஓராண்டில் ஒரு நாள். மற்ற நாள்களில் உணவுக் கொடை, முதியோருக்கு உதவி, வாடகை கட்ட முடியாத குடும்பத்துக்குக் கைகொடுத்தல் என்று ஓயாத வேலை. மழை வந்தால் ஊர்வலம் நின்றுவிடும். ஆண்டு முழுக்கக் காத்திருந்தவர்கள் கோயிலுக்குள் உட்கார்ந்து தேம்புவதைச் செவீயாவில் பார்க்கலாம்.

சர்வாதிகாரி ஃபிராங்கோவின் காலத்தில் இவ்விழாக்கள் என்ன ஆயின?

மதம் சார்ந்தவற்றுக்கு ஆதரவு கிடைத்தது. கேலி செய்பவற்றுக்குத் தடை விழுந்தது. உள்நாட்டுப் போருக்கு நடுவே, 1937இல், தவக்காலத்துக்கு முன் வரும் வேடக் கொண்டாட்டமான கார்னிவல் தடைசெய்யப்பட்டது.

அந்தத் தடையால் மிகவும் அடிபட்டது தெற்கே கடலோரத்தில் இருக்கும் காதிஸ். அங்கே கார்னிவல் என்றால் பாட்டு. சிறு சிறு குழுக்களாகச் சேர்ந்து ஒவ்வோர் ஆண்டும் புதிதாக எழுதி, இசையமைத்து, வேடம் தைத்து, அரங்கப் போட்டியில் பாடி, பிறகு தெருவெங்கும் பாடித் திரிவார்கள். நையாண்டிக் குழுவுக்குச் ‘சிரிகோத்தா’, உருக்கமும் கூர்மையுமான பாடலுக்குக் ‘கொம்பார்சா’. விலைவாசி, ஊழல், வேலையின்மை எல்லாம் பாட்டாகும். எந்த ஆட்சியாளரையும் விடுவதில்லை. இதைத் தாங்கும் சர்வாதிகாரி ஏது? பிற்பாடு வேறு பெயரில், தணிக்கை செய்த பாடல்களோடு ஓரளவு அனுமதித்தார்கள். ஃபிராங்கோ 1975இல் இறந்தார். 1977இல் கார்னிவல் தன் பெயரோடு திரும்பியது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகள் பழைய பாட்டுகள் சாராயக்கடைகளிலும் வீட்டுக் கூடங்களிலும் வாய்வழியாகவே பிழைத்திருந்தன.

வடக்கே பில்பாவோவின் பெருவார விழா இன்றைய வடிவம் எடுத்ததும் அந்தக் காலத்தில்தான். 1978இல் பேட்டைவாசிகளின் குழுக்கள் விழாவைத் தம் கையில் எடுத்தன. இரு கைகளையும் உயர்த்தி ஆடும் மாரிஹையா என்ற பெரிய பெண் பொம்மையை மாரி பூரி எர்ரேரோ என்ற ஓவியர் அப்போது உருவாக்கினார். விழாவின் கடைசி இரவில் அவளை எரிப்பார்கள்.

பெண்களுக்குச் சம இடம் இருக்கிறதா?

பல இடங்களில் போராடித்தான் பெற்றிருக்கிறார்கள். ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் பகுதியில் ஒந்தர்ரிபியா, இருன் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்கள். இரண்டிலும் ‘அலார்தே’ என்ற படை அணிவகுப்பு நடக்கும். ஒந்தர்ரிபியாவில் அது 1638 முற்றுகையிலிருந்து தப்பியதற்கான நேர்த்திக்கடன். ஆண்கள் துப்பாக்கியும் குழலுமாக நடப்பார்கள். பெண்ணுக்கு இருந்த ஒரே வேடம் ஓர் அணிக்கு ஒருத்தியாக வரும் உணவுக்காரி. 1990களின் நடுவில் தாங்களும் வீரர்களாக நடப்போம் என்று பெண்கள் கேட்டார்கள். ஊர் இரண்டாகப் பிளந்தது. பெண்கள் சேர்ந்த அணி வரும்போது பார்வையாளர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். கருப்பு நெகிழித் தாள்களை விரித்துக் காட்சியை மறைத்தார்கள். அக்கா தங்கைகள் பேசாமல் போன வீடுகள் உண்டு. அந்தத் தாள்களுக்கு நடுவே நிமிர்ந்து நடந்த பெண்கள்தாம் தங்கள் ஊரை அதிகம் நேசித்தவர்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். ஊர் தவறும்போது அதைத் திருத்துவதும் ஊர்ப்பற்றுதான்.

செவீயாவில் எல்லாச் சபைகளும் பெண்களைச் சம உரிமையோடு ஏற்க வேண்டும் என்ற பேராயரின் ஆணை 2011இல்தான் வந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2016இல் பம்ப்லோனாவின் சான் ஃபெர்மின் விழாவில் ஓர் இளம்பெண் ஐந்து ஆண்களால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். முதல் தீர்ப்பு அதை வன்புணர்வு என்று ஏற்காதபோது நாடெங்கும் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 2019இல் உச்ச நீதிமன்றம் வன்புணர்வே என்று தீர்ப்பளித்தது. 2022இல் வெளிப்படையான சம்மதத்தை மையமாகக் கொண்ட புதிய சட்டம் வந்தது. கூட்டத்துக்குள் பெண்கள் அச்சமின்றி நடமாட, உதவிக் கூடாரங்கள் இப்போது பல ஊர்களில் விழாவின் பகுதியாகிவிட்டன.

சான் ஃபெர்மின் என்றால் காளை ஓட்டம் மட்டும்தானா?

காளை ஓட்டம் காலை 8 மணிக்குச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஜூலை 6 நண்பகல் தொடங்கி 14 நள்ளிரவு வரை விழா நீளும். பம்ப்லோனாவின் குழந்தைகளுக்குச் சான் ஃபெர்மின் என்றால் 1860இல் செய்யப்பட்ட எட்டு ராட்சத அரசர், அரசிகள்தாம். நான்கு கண்டங்களைக் குறிக்கும் நான்கு இணைகள். உள்ளே ஓர் ஆள் நின்று சுமந்து, குழலுக்கு ஏற்பச் சுழன்று ஆடுவார். சூப்பானை விட வேண்டிய வயது வந்த குழந்தை, அதைத் தன் கையாலேயே ஓர் ராட்சதனிடம் கொடுத்துவிட்டு வரும். அந்தக் குழந்தை பெரியவளானபின் எந்த அரசியிடம் கொடுத்தோம் என்பதை மறப்பதில்லை.

விலங்குகளைத் துன்புறுத்தும் விழாக்கள் இன்னும் நடக்கின்றனவா?

நடக்கின்றன; குறைந்துவருகின்றன. தோர்தெசியாஸ் ஊரில் காளையை வெளியில் துரத்தி ஈட்டியால் குத்திக் கொல்லும் வழக்கம் இருந்தது. காஸ்தியா இ லெயோன் மாநில அரசு 2016இல் கொல்வதற்குத் தடை விதித்தது. கானரித் தீவுகள் 1991லேயே காளைச் சண்டையை விலக்கின. கத்தலோனிய நாடாளுமன்றம் 2010இல் தடை செய்தது. 2016இல் அரசமைப்பு நீதிமன்றம் அதை நீக்கியது, ஆனாலும் அங்கே சண்டைகள் திரும்பவில்லை. அதே கத்தலோனியாவின் தென்பகுதியில் தெருக்களில் காளை விரட்டுவது தொடர்கிறது. மரபு என்ற ஒரே சொல்லால் ஒரு விலங்கின் வலியை நியாயப்படுத்த முடியாது என்பது என் நிலை. ஈட்டியை விட்ட பிறகும் தோர்தெசியாஸ் மக்கள் செப்டம்பரில் கூடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தக்காளித் திருவிழா?

புன்யோல் என்ற சிற்றூர், ஆகஸ்டின் கடைசிப் புதன்கிழமை. 1945இல் இளைஞர்களின் தெருச் சண்டையில் தொடங்கியது. 1950களில் தடை விழுந்தபோது, ஊரார் 1957இல் ஒரு பெரிய தக்காளியைச் சவப்பெட்டியில் வைத்து இறுதி ஊர்வலம் நடத்தி அனுமதியை மீட்டார்கள். ஊரின் மக்கள்தொகையைவிடப் பல மடங்கு கூட்டம் வந்ததால் 2013 முதல் டிக்கெட் வாங்க வேண்டும்.

விருந்தினராகப் போனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

செவீயாவில் பாடகர் ஒருவர் மாடத்திலிருந்து பக்கவாத்தியமின்றிச் ‘சயேத்தா’ என்ற பக்திப் பாடலைப் பாடும்போது ஊர்வலமே நின்றுவிடும். நீங்களும் பேச்சை நிறுத்துங்கள். நசரேனோக்களின் வரிசையைக் குறுக்கே வெட்டாதீர்கள். வலென்சியாவில் காசாலின் கதவு திறந்திருந்தாலும் உள்ளே தனியார் விருந்து நடக்கலாம். வாசலில் நின்று கேளுங்கள், பெரும்பாலும் நாற்காலி போடுவார்கள். கத்தலோனியச் சதுக்கத்தில் பின்யாவில் ஆள் குறைந்தால் பக்கத்தில் நிற்பவரைக் கைகாட்டி அழைப்பார்கள். மொழி தெரிய வேண்டியதில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்து, காட்டிய இடத்தில் கையை நீட்டி நில்லுங்கள்.

தமிழர்களுக்கு இவற்றோடு ஏதாவது தொடர்பு உண்டா?

ஒன்று உண்டு. பம்ப்லோனா இருக்கும் நவார்ரா மாநிலத்துக்கு இரண்டு காவல் புனிதர்கள். ஒருவர் ஃபெர்மின். மற்றவர் 1506இல் அங்குள்ள ஹவியேர் கோட்டையில் பிறந்த பிரான்சிஸ்கு சவேரியார். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, பரதவ மக்களிடையே ஊர் ஊராக நடந்து, மந்திரங்களைத் தமிழில் பெயர்க்கச் சொல்லி மனப்பாடம் செய்து சொல்லிக்கொடுத்த அதே சவேரியார். மணப்பாட்டில் அவர் தங்கிய குகையை இன்றும் காட்டுகிறார்கள்.

நவார்ரா மக்கள் மார்ச் மாதத்தில் தத்தம் ஊர்களிலிருந்து அவர் பிறந்த கோட்டைக்கு நடந்தே போவார்கள். பம்ப்லோனாவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இரவெல்லாம் நடப்பவர்களுக்கு வழியோர ஊர்களில் சூடான சூப்புக் கொடுப்பார்கள். சவேரியார் இறந்த டிசம்பர் 3 நவார்ராவின் மாநிலத் திருநாள். அதே நாளில்தான் நாகர்கோவில் கோட்டாற்றுச் சவேரியார் பேராலயத்தின் பத்து நாள் திருவிழா நிறைவுபெறுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அன்று உள்ளூர் விடுமுறை.